அம்பதா, அறுபதா?

எண்பதுகளில் என் சித்தப்பா ஒருவர் அமெரிக்காவிலிருந்து திரும்பி வந்தபோது, பெட்டி நிறைய சாக்லேட், சென்ட் பாட்டில்களோடு ஒரு கடிகார ரேடியோவும் கொண்டுவந்தார். இருட்டில் சிவப்பு எழுத்தில் மணி காட்டும். அதைப் பார்க்கத் தெருவே திரண்டு வந்தது. அங்கே 120 வோல்ட், இங்கே 230 வோல்ட் என்பதெல்லாம் சித்தப்பாவுக்குத் தெரியும். ஜாக்கிரதையாக ஒரு ஸ்டெப்டவுன் டிரான்ஸ்பார்மர் வாங்கி வைத்துதான் மாட்டினார். காலை ஆறு மணிக்கு நேரம் சரிசெய்தார். மத்தியானம் பன்னிரண்டு மணி சங்கு ஊதியபோது கடிகாரம் பதினொன்று என்றது. சாயந்திரம் ஆறு மணிக்கு, நாலு!

அமெரிக்காக்காரன் செய்த கடிகாரம் பொய் சொல்லுமா? சித்தப்பாவுக்கு ஒரே அவமானம். ரிச்சி தெருவில் ரேடியோ ரிப்பேர் செய்யும் ஒரு பெரியவரிடம் எடுத்துக்கொண்டு போனார். நானும் கூடப் போனேன். அவர் திறந்துகூடப் பார்க்கவில்லை. பின்பக்கம் ஒட்டியிருந்த சீட்டைக் கண்ணாடியைத் தூக்கிக்கொண்டு படித்தார். ‘‘கடிகாரத்து மேல தப்பில்ல சார். கரண்ட்டு மேலதான் தப்பு. இது அறுபதை எண்ணிப் பழகின கடிகாரம். நம்ம ஊர்ல அம்பதுதான் வரும். மணிக்கு பத்து நிமிஷம் முழுங்கத்தான் செய்யும்’’ என்றார்.

அந்த அம்பது, அறுபது சமாசாரம்தான் இந்த வாரம். ஒரு கடிகாரம் பத்து நிமிஷம் முழுங்கினால் சிரித்துவிட்டுப் போகலாம். ஒரு தேசத்தின் பாதி, பேராபத்து நேரத்தில் இன்னொரு பாதிக்குக் கை கொடுக்க முடியாமல் தவித்ததும் இதே கணக்கால்தான்.

முதலில் கொஞ்சம் கணக்கு. பயப்படாதீர்கள், ஆறாம் வகுப்பு வகுத்தலுக்கு மேல் போகாது.

சைக்கிள் டைனமோ பார்த்திருப்பீர்கள். உள்ளே ஒரு காந்தம் சுழல்கிறது, பக்கத்தில் கம்பிச்சுருள். காந்தத்தின் வடதுருவம் சுருளைக் கடக்கும்போது மின்சாரம் ஒரு பக்கம் ஓடுகிறது, தென்துருவம் கடக்கும்போது மறுபக்கம். ஒரு போக்கு, ஒரு வரவு... இரண்டும் சேர்ந்தால் ஓர் அலை. நொடிக்கு எத்தனை அலை என்பதுதான் ஹெர்ட்ஸ். நம் வீட்டு பிளக்கில் வருவது நொடிக்கு 50.

ஆனால், யந்திரத்தை ஓட்டுகிறவர்கள் நொடியில் பேசமாட்டார்கள். அவர்களுக்கு எல்லாமே நிமிடம்தான். ‘ஆர்.பி.எம். என்ன?’ என்றுதான் கேட்பார்கள். நிமிடத்துக்கு 3000 சுற்று என்றால் அறுபதால் வகுத்து, நொடிக்கு 50 சுற்று. காந்தத்தில் ஒரே ஜோடி துருவம் இருந்தால் 50 சுற்றும் 50 அலை. இரண்டு ஜோடி இருந்தால்? ஒவ்வொரு சுற்றிலும் இரண்டு அலை கிடைத்துவிடும். அதனால் 1500 சுற்றே போதும். ஆக, துருவங்களின் எண்ணிக்கையைச் சுற்றால் பெருக்கி 120-ஆல் வகுத்தால் ஹெர்ட்ஸ். அறுபது நிமிடத்துக்காக, இரண்டு ஜோடிக்காக... அவ்வளவுதான் சூத்திரம்.

நெய்வேலியிலும் வடசென்னையிலும் நீராவியில் ஓடும் டர்பைன்கள் 3000 சுற்றில் பறப்பது இதனால்தான். தண்ணீர் அந்த அவசரம் காட்டாது. சீனாவின் ‘மூன்று பள்ளத்தாக்கு’ அணையில் உள்ள ராட்சஸ யந்திரங்கள் பல, நிமிடத்துக்கு வெறும் 75 சுற்றுதான். தேர் மாதிரி அசைந்து சுற்றும். ஆனால் 80 துருவங்கள்! பெருக்கி வகுத்துப் பாருங்கள், அதே 50 வரும்.

(என்ஜினீயரிங் காலேஜில் எலெக்ட்ரிகல் படித்த யாரையாவது நடுராத்திரியில் எழுப்பி ‘ஒமேகா?’ என்று கேளுங்கள். கண்ணைத் திறக்காமலே ‘314’ என்பார். அதுவும் இதே 50-தான், வேறு சட்டை. ஒரு முழுச் சுற்றை 360 டிகிரி என்று சொல்லாமல், இரண்டு பை ரேடியன் என்று அளப்பது கணக்குக்காரர்கள் வழக்கம். ஒரு சுற்றுக்கு 6.2832 ரேடியன். ஐம்பதால் பெருக்கினால் நொடிக்கு 314 ரேடியன் சொச்சம். ‘ரேடியன்’ என்ற வார்த்தை முதன்முதலில் அச்சேறியது எங்கே தெரியுமா? 1873-ல், பெல்ஃபாஸ்ட் நகரத்து குவீன்ஸ் காலேஜில், ஒரு பரீட்சைக் கேள்வித்தாளில்! தாளைத் தயாரித்தவர் ஜேம்ஸ் தாம்ஸன், விஞ்ஞானி கெல்வின் பிரபுவின் அண்ணன். பாவம், அந்த வருஷம் பரீட்சை எழுதிய பையன்கள்.)

சரி, 50 என்று யார் முடிவு செய்தது? 60 என்று யார்? ஏன் உலகம் முழுக்க ஒரே எண்ணாக இல்லை?

ஆரம்பத்தில் எண்ணே கிடையாது. அவரவர் இஷ்டம். 1880-களில் அமெரிக்காவின் வெஸ்டிங்ஹவுஸ் கம்பெனி விற்ற மின்சாரம் 133⅓ ஹெர்ட்ஸ். இதென்ன கோவில் சுண்டல் மாதிரி ஒண்ணே முக்கால் கணக்கு என்று தோன்றும். ஆனால் அன்றைய என்ஜினீயருக்கு அது உருண்டையான எண்தான். எட்டு துருவ ஜெனரேட்டர், நிமிடத்துக்கு 2000 சுற்று. ஒவ்வொரு துருவமும் கடக்கும்போது ஒரு திருப்பம் என்று எண்ணி, ‘நிமிடத்துக்கு 16,000 திருப்பங்கள்’ என்பார்கள். அவர்கள் நொடியில் யோசிக்கவே இல்லை. நிமிடத்தை நொடியாக்கி, இரண்டு திருப்பத்தை ஓர் அலையாக்கி நாம் மாற்றும்போதுதான் அந்த ⅓ வால் முளைக்கிறது. ஹெர்ட்ஸ் என்ற அலகே பிறகு வந்தது. ரேடியோ அலைகளைச் சோதனைச்சாலையில் உண்டாக்கிக் காட்டிய ஹைன்ரிஹ் ஹெர்ட்ஸ் 1894-ல், முப்பத்தாறே வயதில் இறந்துபோனார். அவர் பெயரை சர்வதேச மின்தொழில்நுட்பக் கமிஷன் அலகாக ஏற்றது 1930-ல். உலக அளவைகள் மாநாடு ஏற்க 1960 ஆயிற்று.

பல்பு எரிய 133⅓ வசதியாக இருந்தது. கண் கூசும் மினுக்கல் இல்லை. வந்தார் நிகோலா டெஸ்லா. 1888-ல் அவருடைய மோட்டார் காப்புரிமைகளை வெஸ்டிங்ஹவுஸ் வாங்கியது. அந்த மோட்டாருக்கு 133⅓ ஒத்துவரவில்லை. மோட்டாருக்குக் குறைந்த அலை வேண்டும், பல்புக்கு அதிக அலை வேண்டும். மாமியாரும் மருமகளும் மாதிரி! கம்பெனியின் என்ஜினீயர்கள் 1890-ஐ ஒட்டி உட்கார்ந்து பேசி, ஒரு சமாதான எண்ணைப் பிடித்தார்கள். நிமிடத்துக்கு 7,200 திருப்பங்கள். அதாவது நொடிக்கு 60 அலை.

அதே சமயம் அட்லாண்டிக்குக்கு அந்தப் பக்கம் ஜெர்மனியில் வேறு கச்சேரி. 1891-ல் ஃபிராங்ஃபர்ட் நகரத்தில் பெரிய மின்சாரப் பொருட்காட்சி. 175 கிலோமீட்டர் தள்ளி, நெக்கார் நதியோரம் லௌஃபன் என்ற சின்ன ஊரில் ஒரு நீர்விசை ஜெனரேட்டர். அங்கிருந்து கம்பி இழுத்து வந்து பொருட்காட்சியில் ஆயிரம் பல்புகளை எரியவைத்தார்கள். மோட்டார் ஓட்டி, தண்ணீர் ஏற்றி, ஒரு செயற்கை அருவியையும் கொட்டவைத்தார்கள். நதியில் விழுந்த தண்ணீரின் பலம் 175 கிலோமீட்டர் கம்பியில் வந்து இன்னொரு அருவியாக விழுகிறது! ஜனங்கள் வாயைப் பிளந்தார்கள். அந்த ஜெனரேட்டரை வடிவமைத்தவர் சார்லஸ் பிரவுன். மோட்டார், ஏ.இ.ஜி. கம்பெனியின் டோலிவோ-டோப்ரவோல்ஸ்கியுடையது. ஜெனரேட்டரில் 32 துருவங்கள், நிமிடத்துக்கு 150 சுற்று. கணக்குப் போடுங்கள்... 40 ஹெர்ட்ஸ்.

40-ல் பல்பு லேசாக மினுக்கியது. ஏ.இ.ஜி. அதை 50-க்கு ஏற்றியது. ஜெர்மனியில் செல்வாக்கான கம்பெனி என்பதால் 50 அங்கே பரவியது, பிறகு ஐரோப்பா முழுக்க. பிரிட்டனும் பிற்பாடு அதற்கு வந்து சேர்ந்தது. நமக்கும் 50.

எண் எவ்வளவு தற்செயலாகப் பிறந்தது என்பதற்கு நயாகராவைவிட நல்ல உதாரணம் கிடையாது. அருவியின் விசையில் மின்சாரம் எடுக்கும் திட்டம். டர்பைன்களை ஏற்கெனவே ஆர்டர் கொடுத்துவிட்டார்கள், 250 சுற்று என்று. அதற்குப் பிறகுதான் ஜெனரேட்டர் பற்றியே முடிவு! திட்டத்தின் ஆலோசகர் ஜார்ஜ் ஃபோர்ப்ஸ் எட்டு துருவம் போதும் என்றார். 250-ஐ எட்டால் பெருக்கி 120-ஆல் வகுத்தால் 16⅔ ஹெர்ட்ஸ். வெஸ்டிங்ஹவுஸ்காரர்கள் ‘அது சரிப்படாது, பதினாறு துருவம்’ என்றார்கள். அது 33⅓ ஹெர்ட்ஸ். பேரம் நடந்தது. கடைசியில் பன்னிரண்டு துருவம் என்று கை குலுக்கினார்கள். 25 ஹெர்ட்ஸ். விஞ்ஞானம், ஆராய்ச்சி எல்லாம் இருக்கட்டும்... கத்தரிக்காய்க் கடையில் நடப்பதும் இதுதானே?

அந்த பேரத்தின் வாரிசுகள் இன்னும் உயிரோடு இருக்கிறார்கள். 1895-ல் நயாகரா ஓட ஆரம்பித்ததும் சுற்றுவட்டாரத் தொழிற்சாலைகள் 25-க்குப் பழகிக்கொண்டன. அமெரிக்க ரயில்வேக்கும் பிடித்துப்போனது. நியூயார்க்கிலிருந்து வாஷிங்டன் போகும் மின்சார ரயிலுக்குத் தலைக்கு மேல் ஓடும் கம்பியில் இன்றைக்கும் 25 ஹெர்ட்ஸ்தான். கனடாவின் ஒன்டாரியோ மாகாணமும் 25-ல் மாட்டிக்கொண்டது. வெளியே வர 1949-லிருந்து 1959 வரை பத்து வருடம் பிடித்தது. வாஷிங் மெஷின், ஃப்ரிட்ஜ், கடிகாரம் என்று வீடு வீடாகப் போய் ஆட்கள் மோட்டாரை மாற்றிக் கொடுத்தார்கள். தென் கலிஃபோர்னியாவும் 1948 வரை 50-ல் இருந்துவிட்டுத்தான் 60-க்கு வந்தது. சித்தப்பா அந்தக் காலத்து லாஸ் ஏஞ்சலிஸில் கடிகாரம் வாங்கியிருந்தால் தப்பித்திருப்பார்!

கடிகாரம் என்றதும் ஞாபகம் வருகிறது. மின்சாரத்தின் அலையை எண்ணி மணி காட்டலாம் என்று யோசித்தவர் ஹென்றி வாரன் என்ற அமெரிக்கர். 1916-ஐ ஒட்டிச் செய்தும் காட்டினார். கடிகாரம் தப்பாக ஓடியது. பார்த்தால், கடிகாரம் சரி. மின்நிலையம்தான் 60 என்று சொல்லிக்கொண்டு கொஞ்சம் கூடக் குறைய அனுப்பிக்கொண்டிருந்தது. எதிரே நிறுத்திக் கேட்க அதுவரை ஆள் இல்லை, அவ்வளவுதான். வாரன் சும்மா இருக்கவில்லை. பாஸ்டன் நகரத்து மின்நிலையத்துக்கே ஒரு பெரிய கடிகாரம் செய்து கொடுத்தார். அதில் ஒரே முகத்தில் இரண்டு முள். ஒன்று பெண்டுலத்தில் ஓடுவது, இன்னொன்று மின்சாரத்தில் ஓடுவது. ‘இரண்டு முள்ளும் ஒன்றின் மேல் ஒன்று இருக்கும்படி யந்திரத்தை ஓட்டு. அது போதும்.’ கரண்ட் கம்பெனி அன்று முதல் ஊருக்கு நேரமும் சப்ளை செய்தது.

இது பழங்கதை இல்லை. 2018-ல் ஜனவரி நடுவிலிருந்து மார்ச் முதல் வாரம் வரை, ஐரோப்பாவில் அடுப்புக் கடிகாரம், அலாரம் கடிகாரம் எல்லாம் ஆறு நிமிடம் பின்தங்கிப்போயின. செர்பியாவுக்கும் கொஸோவோவுக்கும் தகராறு. அந்தப் பகுதியில் உற்பத்தி செய்யவேண்டிய மின்சாரத்தை உற்பத்தி செய்யவில்லை. சராசரி 50-லிருந்து 49.996-க்கு இறங்கியது. ஆயிரத்தில் நாலு பங்கு ஹெர்ட்ஸ்! அந்த நூலிழைக் குறைவு ஐம்பது நாள் சேர்ந்து, போர்ச்சுகலிலிருந்து போலந்து வரை பிள்ளைகளை ஸ்கூல் பஸ்ஸைத் தவறவிட வைத்தது.

இசைத்தட்டு சேகரிப்பவர்களுக்கு ஒரு உபரித் தகவல். 78 சுற்று ரெக்கார்டு உண்மையில் 78 இல்லை. தட்டு சரியாகச் சுற்றுகிறதா என்று பார்க்க, கோடு போட்ட ஒரு வட்ட அட்டையை அதன் மேல் வைத்து, மின்விளக்கு வெளிச்சத்தில் பார்ப்பார்கள். சரியான வேகத்தில் கோடுகள் நின்றுபோன மாதிரி தெரியும். 50 ஹெர்ட்ஸ் விளக்கு நிமிடத்துக்கு 6,000 தடவை பளிச்சிடும். 77 கோடு போட்டால், தட்டு 77.92-ல் சுற்றும்போது கோடு நிற்கும். அமெரிக்காவில் 7,200 பளிச், 92 கோடு... 78.26. முழுக் கோடுதானே போட முடியும்? அரைக்கோடு போட முடியாதே! ஆக, ‘78’ என்று உலகமே சொல்லிக்கொண்டிருந்தது, ஆனால் யாருமே 78-ல் சுற்றவில்லை.

இனி ஜப்பான். கதையின் கனமான பகுதி இதுதான்.

மெய்ஜி காலத்து ஜப்பான் மேல்நாட்டு யந்திரங்களை அள்ளி அள்ளி வாங்கிக்கொண்டிருந்தது. 1895-ஐ ஒட்டி டோக்கியோவின் மின்விளக்குக் கம்பெனி, அசாகுசா மின்நிலையத்துக்கு ஜெர்மனியின் ஏ.இ.ஜி.யிடம் ஜெனரேட்டர் வாங்கியது. 50 ஹெர்ட்ஸ். ஓரிரு வருடத்தில் ஒஸாகா கம்பெனிக்கும் ஜெனரேட்டர் தேவைப்பட்டது. அவர்கள் அமெரிக்காவின் ஜெனரல் எலெக்ட்ரிக்கிடம் வாங்கினார்கள். 60 ஹெர்ட்ஸ். இரண்டு ஊருக்கும் நடுவே 400 கிலோமீட்டர். ஒன்றின் கம்பி இன்னொன்றைத் தொடும் என்று அன்றைக்கு யார் கனவு கண்டார்கள்? இரண்டு கொள்முதல் குமாஸ்தாக்கள் சந்தித்து ஒரு கப் டீ குடித்திருந்தால் போதும். நடக்கவில்லை.

கம்பிகள் வளர்ந்தன. டோக்கியோவைச் சுற்றி 50, ஒஸாகாவைச் சுற்றி 60. கடைசியில் ஃபுஜி நதியிலிருந்து வடக்கே இதோயிகாவா வரை நாட்டின் குறுக்கே ஒரு கண்ணுக்குத் தெரியாத கோடு விழுந்துவிட்டது. கிழக்கே 50, மேற்கே 60. இரண்டாம் உலகப்போருக்குப் பிறகு இரண்டையும் ஒன்றாக்கிவிடலாமா என்று பேச்சு எழுந்தது. ஒரு பக்கத்து ஜெனரேட்டர், மோட்டார் அத்தனையும் மாற்றவேண்டும். செலவைப் பார்த்து மலைத்துப்போய் விட்டுவிட்டார்கள்.

1964-ல் டோக்கியோவிலிருந்து ஒஸாகாவுக்கு புல்லட் ரயில் விட்டபோது இந்தக் கோட்டைத் தாண்டியாகவேண்டும். முழுப் பாதைக்கும் 60 என்று முடிவு செய்தார்கள். டோக்கியோ பக்கத்தில் கிடைப்பது 50 ஆயிற்றே? ஒரே அச்சில் இரண்டு யந்திரம் கோத்தார்கள். ஒன்று 50-ஐ வாங்கிச் சுழலும் மோட்டார், பத்து துருவம். இன்னொன்று 60-ஐக் கொடுக்கும் ஜெனரேட்டர், பன்னிரண்டு துருவம். இரண்டுக்கும் பொதுவான வேகம் நிமிடத்துக்கு 600 சுற்று. பத்தை 600-ஆல் பெருக்கி 120-ஆல் வகுத்தால் 50. பன்னிரண்டைப் பெருக்கி வகுத்தால் 60. நாம் ஆரம்பத்தில் போட்ட ஆறாம் வகுப்புக் கணக்கு உருக்கு உருளையாகச் சுழன்றது. எனக்கு இந்த இடத்தில் எப்போதும் ஒரு சந்தோஷம் வரும்.

ரயிலுக்கு இது போதும். தேசத்துக்கு?

தேசத்துக்காகவும் சில மாற்று நிலையங்கள் கட்டினார்கள். 60 அலையை முதலில் அலையே இல்லாத நேர்மின்சாரமாக்கி, அதை மறுபடி 50 அலையாக்கி அனுப்பும் நிலையங்கள். ஸகுமாவில் 1965-ல் ஒன்று. ஷின்-ஷினானோவில் 1977-ல் ஒன்று. 2006-ல் ஹிகாஷி-ஷிமிஸுவில் மூன்றாவது, அதுவும் அரைகுறைத் திறனோடு. மூன்றும் சேர்ந்தால் ஏறக்குறைய பத்து லட்சம் கிலோவாட். சாதாரண நாளில் அதற்கு மேல் யாருக்கும் தேவைப்படவில்லை.

2011 மார்ச் 11, மத்தியானம் 2.46 மணி. ரிக்டர் என்றெல்லாம் இப்போது சொல்வதில்லை, நிலநடுக்க அளவு 9.0. சுனாமி. ஃபுகுஷிமா அணுமின் நிலையம் என்ன ஆனது என்று உங்களுக்குத் தெரியும். அது மட்டுமல்ல, கடலோரத்தில் பல அனல்மின் நிலையங்களும் நின்றுபோயின. டோக்கியோ மின்கம்பெனிக்குக் கைவசம் இருந்த மின்சாரத்தில் ஏறக்குறைய இரண்டு கோடி கிலோவாட் ஒரே நாளில் காணாமல் போனது.

மேற்கே ஒஸாகாவில், நகோயாவில் மின்நிலையங்கள் ஒரு கீறல் இல்லாமல் ஓடிக்கொண்டிருந்தன. கொடுக்க மனம் இருந்தது. மின்சாரமும் இருந்தது. ஆனால் இரண்டு கோடி கிலோவாட் தேவைப்படுகிற இடத்துக்குப் போகும் வாசல், பத்து லட்சம் கிலோவாட் அகலம். இருபதில் ஒரு பங்கு! குளம் நிறையத் தண்ணீர், குடிக்க ஒரு இங்க் ஃபில்லர்.

‘இந்த ஆபத்தில் கம்பியை நேராகச் சேர்த்துவிட வேண்டியதுதானே?’ என்று கேட்கத் தோன்றும். கூடாது. ஒரு பக்கம் நொடிக்கு 50 அலை, மறுபக்கம் 60. நொடிக்குப் பத்து தடவை இரண்டும் ஒத்துப்போகும், பத்து தடவை நேரெதிராக மோதும். மோதும் நேரத்தில் பாயும் மின்சாரம் யந்திரங்களைப் பிய்த்துப் போட்டுவிடும்.

மார்ச் 14-லிருந்து டோக்கியோவைச் சுற்றி முறைவைத்து மின்வெட்டு. வட்டாரங்களை ஐந்து குழுவாகப் பிரித்து, குழுவுக்குச் சுமார் மூன்று மணி நேரம். ரயில்கள் குறைந்தன. டிராஃபிக் விளக்குகள் அணைந்தன. மார்ச் மாதம் அங்கே குளிர்காலத்தின் வால். சுனாமியில் எல்லாவற்றையும் இழந்தவர்கள் ஒரு பக்கம், இருட்டில் கம்பளியைப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருந்த லட்சக்கணக்கான குடும்பங்கள் இன்னொரு பக்கம். இத்தனைக்கும் சில நூறு கிலோமீட்டர் தள்ளி ஒஸாகாவில் தெருவெல்லாம் பளபளவென்று விளக்கு. 115 வருடத்துக்கு முன்னால் இரண்டு கம்பெனிகள் தனித்தனியாகக் கையெழுத்துப் போட்ட கொள்முதல் உத்தரவின் விலை!

பிறகு ஜப்பான் சுறுசுறுப்பாயிற்று. ஹிகாஷி-ஷிமிஸு 2013-ல் முழுத் திறனுக்கு வந்தது. 2021-ல் ஹிடா-ஷினானோ என்ற புதிய இணைப்பு. இப்போது வாசலின் அகலம் 21 லட்சம் கிலோவாட். முப்பது லட்சமாக்க வேலை நடக்கிறது. 50-ஐயும் 60-ஐயும் ஒன்றாக்கும் பேச்சை மட்டும் இன்னும் யாரும் தைரியமாக எடுக்கவில்லை.

‘நல்லவேளை, இந்தியா முழுக்க 50’ என்று நீங்கள் பெருமூச்சு விடுவது கேட்கிறது. அவசரப்படாதீர்கள். 50 என்று எழுதி வைத்தால் மட்டும் போதாது. எல்லா யந்திரமும் ஒரே தாளத்தில், ஒரே நேரத்தில் அடி வைக்கவேண்டும். நம் தென்னிந்திய மின்தொகுப்பு வெகுநாள் தனித் தாளத்தில்தான் நடந்தது. வடக்கே 49.8 என்றால் இங்கே 49.5. இரண்டும் பெயருக்கு 50! ஆகவே நமக்கும் வடக்குக்கும் நடுவே, ஜப்பான் மாதிரியே, நேர்மின்சார வாசல்கள்தான் இருந்தன.

அதனால் ஒரு நன்மை, ஒரு கெடுதல். 2012 ஜூலை 30, 31... அடுத்தடுத்த இரண்டு நாள் வட இந்தியத் தொகுப்பு சரிந்து விழுந்தது. இரண்டாம் நாள் கிழக்கும் வடகிழக்கும் சேர்ந்து விழுந்தன. அறுபது கோடி ஜனங்கள் இருட்டில். ரயில்கள் நடுவழியில். தெற்கே? ஒன்றும் ஆகவில்லை. தாளம் தனி என்பதால் விழுகிறவர்கள் நம்மையும் இழுத்துக்கொண்டு விழவில்லை.

கெடுதலை நான் சொல்லவேண்டாம். அதே 2012-ல் தமிழ்நாட்டில் இருந்தவர்களுக்கு நன்றாக ஞாபகம் இருக்கும். கிராமங்களில் பகலில் பாதி, இரவில் பாதி. பரீட்சைக்குப் படிக்கிற பிள்ளைகள் மெழுகுவத்தி வெளிச்சத்தில். கோயம்புத்தூரில் சின்னப் பட்டறைகள் ஷட்டரை இறக்கிவிட்டு உட்கார்ந்திருந்தன. வெளிமாநிலத்தில் காசு கொடுத்து மின்சாரம் வாங்கலாம் என்றாலும் கொண்டுவர வழி போதவில்லை. டோக்கியோவின் அதே இங்க் ஃபில்லர்தான்.

2013 டிசம்பர் 31 அன்று, கர்நாடகத்தின் ராய்ச்சூரையும் மகாராஷ்டிரத்தின் ஸோலாப்பூரையும் இணைக்கும் 765 கிலோவோல்ட் கம்பியில் இரண்டு தொகுப்புகளும் சேர்ந்தன. சும்மா சுவிட்சைத் தட்டுகிற வேலை இல்லை. ஓடும் பஸ்ஸில் தொற்றிக்கொள்வதைப்போல. முதலில் பஸ்ஸின் வேகத்துக்கு நீங்கள் ஓடவேண்டும். வேகம் ஒன்றானால் மட்டும் போதாது, கைப்பிடி உங்களுக்கு நேராக வரும் கணத்தில் பிடிக்கவேண்டும். இரண்டு பக்கத்து அலையும் ஒரே வேகத்துக்கு வந்து, மேடும் மேடும் நேர்ப்பட்ட கணத்தில் இணைப்பு மூடப்பட்டது.

அன்றிரவு ஊரே புது வருஷத்துக்குப் பட்டாசு வெடித்துக்கொண்டிருந்தபோது, நெய்வேலியின் டர்பைனும் இமாசலப் பிரதேசத்து மலைகளின் நீர்விசை யந்திரங்களும் முதன்முறையாகத் தாளம் தப்பாமல் சேர்ந்து சுற்றிக்கொண்டிருந்தன. வேகம் வேறு வேறு, துருவங்கள் வேறு வேறு. பெருக்கி வகுத்தால் இரண்டு பக்கமும் ஒரே எண்.